சாவை நினைவுகூர்தல், எதிர்ப்பை மறத்தல்: கென்ட் ஸ்டேட் வளாகமும் 1970 மே 4-உம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4 அன்று, வியட்நாம் போர் கம்போடியாவுக்குள் விரிவதை எதிர்த்துக் கூடிய மாணவர்கள்மீது அம்மாநிலத் தேசியக் காவல்படை சுட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இதைப் பற்றி நூல்களும் ஆவணப்படங்களும் நீதிமன்றப் பதிவுகளும் ஏராளமாக வந்துவிட்டன. யார் முதலில் சுட்டது, ஏன் சுட்டார்கள், சுடச் சொல்லி ஆணை பிறந்ததா என்பவையே அவற்றில் பெரும்பாலானவை எழுப்பும் கேள்விகள்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. தன் மண்ணில் தன் மாணவர்கள் கொல்லப்பட்டதை ஒரு கல்வி நிறுவனம் பிற்பாடு எப்படி நினைவில் வைத்தது? எதை வைத்தது, எதை விட்டது? என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கொலை நடந்ததை ஒப்புக்கொண்டு நினைவுகூர கென்ட் ஸ்டேட் நிர்வாகத்துக்கு இருபது முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த ஒப்புதல்கூட மாணவர்களும் குடும்பங்களும் போராடிப் பெற்றது. மாணவர்கள் எதற்காகக் கூடினார்கள் என்பதை, அதாவது போர் எதிர்ப்பை, வளாகம் அதே மனதோடு தன்னுடையதாக இன்றுவரை ஏற்கவில்லை.

நான்கு நாட்கள்

ஏப்ரல் 30 இரவு அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதை அறிவித்தார். போரை முடித்துவைப்பதாகச் சொல்லிப் பதவிக்கு வந்தவர் அவர். மறுநாள் நண்பகல் கென்ட் வளாகத்தின் பொதுத்திடலில் மாணவர்கள் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பிரதி ஒன்றைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் இன்னொரு நாட்டில் போர் தொடுத்தபோதே அரசியல் சட்டம் செத்துவிட்டது என்பது அதன் பொருள். அன்றிரவு ஊரின் மதுக்கடைத் தெருவில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. மே 2 அன்று நகர மேயர் காவல்படையை அழைத்தார்; அன்றிரவே வளாகத்திலிருந்த ராணுவ அலுவலர் பயிற்சிக் கட்டடம் எரிந்தது. மே 3 அன்று ஊருக்கு வந்த ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ், போராடுபவர்களை நாஜிகளின் பழுப்புச்சட்டைப் படையோடு ஒப்பிட்டுப் பேசினார். மே 5 அன்று செனட் பதவிக்கான உட்கட்சித் தேர்தலை அவர் சந்திக்கவிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வந்திறங்கிய காவல்படையினரோ அதற்கு முந்தைய நாட்களில் லாரி ஓட்டுநர் வேலைநிறுத்தத்தை ஒட்டிக் காவல் பணியில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள், தூக்கமின்றிக் களைத்திருந்தவர்கள்.

மே 4 நண்பகல் கூட்டத்துக்கு நிர்வாகம் தடை விதித்திருந்தது. ஆயினும் போராடுபவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், வகுப்பு மாறுபவர்கள் என இரண்டாயிரம் மூவாயிரம் பேர் திடலைச் சுற்றி இருந்தார்கள். கண்ணீர்ப்புகைக் குண்டுகள் காற்றில் பயனற்றுப் போயின. துப்பாக்கி முனையில் கத்தி செருகிய நூறு வீரர்கள் மாணவர்களைக் குன்றின்மேல் விரட்டி, மறுபுறமிருந்த பயிற்சி மைதானத்தில் சுமார் பத்து நிமிடம் நின்று, மீண்டும் குன்றேறினார்கள். உச்சியை அடைந்ததும் சிலர் திரும்பினார்கள். மணி 12:24. இருபத்தெட்டு வீரர்கள் 13 வினாடிகளில் 61 முதல் 67 குண்டுகளைச் சுட்டார்கள்.

தூரங்களைக் கவனிக்க வேண்டும். இறந்தவர்களில் மிக அருகில் நின்ற ஜெஃப்ரி மில்லர் ஏறத்தாழ 265 அடிக்கு அப்பால் இருந்தார். ஆலிசன் க்ராஸ் 340 அடிக்கு அப்பால். வில்லியம் ஷ்ரோடரும் சாண்ட்ரா ஷோயரும் 380, 390 அடி தூரத்தில். நால்வரும் 19, 20 வயதுக்காரர்கள். காயமடைந்தவர்களில் டீன் கேலர் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்தார். இன்னொரு முறை சுட்டுவிடுவார்கள் என்ற நிலையில், கலைந்துபோகும்படி மாணவர்களிடம் அழுது மன்றாடினார் நிலவியல் பேராசிரியர் க்ளென் ஃபிராங்க். அவரால் தவிர்ந்த சாவுகள் எத்தனை என்பதை எவராலும் கணக்கிட முடியாது.

பழி யார்மீது விழுந்தது

வளாகத்தின் பிற்கால மௌனத்தைப் புரிந்துகொள்ள, அந்த ஆண்டின் பொதுமனநிலையை முதலில் பார்க்க வேண்டும். ‘நியூஸ்வீக்’ இதழுக்காக கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 சதவீதத்தினர் மாணவர்களைக் குற்றம் சொன்னார்கள். காவல்படையைக் குற்றம் சொன்னவர்கள் 11 சதவீதம். அதிபர் அமைத்த ஸ்க்ராண்டன் ஆணையம் அந்தத் துப்பாக்கிச் சூடு தேவையற்றது, நியாயப்படுத்த முடியாதது, மன்னிக்கத் தகாதது என்று எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் ஒஹாயோவின் பெருநடுவர் குழு வீரர்கள் எவர்மீதும் குற்றம் சுமத்தாமல், பெரும்பாலும் மாணவர்களான 25 பேர்மீது குற்றம் சுமத்தியது. அவ்வழக்குகளில் மிகுதியானவை அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆதாரமின்றிக் கைவிடப்பட்டன. 1974-இல் எட்டு வீரர்கள்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வந்த வழக்கும் தள்ளுபடியானது. கடைசியில் 1979 ஜனவரியில் குடும்பங்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் மொத்தமாக 6,75,000 டாலரும், பிரதிவாதிகள் 28 பேர் கையெழுத்திட்ட வருத்த அறிக்கை ஒன்றும் கிடைத்தன. இறந்த ஒவ்வொருவரின் பெற்றோருக்கும் 15,000 டாலர். சுட்டவர்கள் எவருக்கும் தண்டனை இல்லை.

ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் தொடக்கத்திலிருந்தே பிரிந்து நின்றார்கள். நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்னர் 1971-இல் எழுதிய பெரிய நூல், வெளியிலிருந்து வந்த தீவிரவாதிகளின் பங்குக்கு அதிக இடம் தந்தது. அதே ஆண்டு ஐ. எஃப். ஸ்டோன் எழுதிய சிறுநூல் அரசு எந்திரம் கொலையை எப்படி மூடிமறைத்தது என்பதில் ஊன்றியது. அன்று காலில் குண்டடிபட்டு, பின்னாளில் வரலாற்றாசிரியரான தாமஸ் கிரேஸ் 2016-இல் எழுதிய நூல் இவ்விரண்டையும் தாண்டிச் செல்கிறது. கென்ட் மாணவர்களில் பலர் ஆக்ரன், கிளீவ்லாந்து, யங்ஸ்டவுன் தொழிற்சாலைக் குடும்பங்களிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அவர்களுடைய போர் எதிர்ப்பு அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அந்த மண்ணில் வளர்ந்தது. தொழிற்சங்கக் குடும்பப் பின்னணியும் அதற்கு உரமிட்டது என்று அவர் ஆவணங்களோடு நிறுவுகிறார். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக் கலகம் என்ற பழைய கதைக்கு இதற்கு மேல் இடமில்லை. என் பார்வையில் கிரேஸின் விளக்கமே வலுவானது. வளாகத்தின் நினைவுச் சின்னங்கள் எவையும் இந்த விளக்கத்தைப் பிரதிபலிக்கவில்லை என்பதே இங்கு எழும் சிக்கல்.

வாகன நிறுத்துமிடம், கூடாரம், உடற்பயிற்சிக் கூடம்

நால்வரும் விழுந்த இடம் பிரெண்டிஸ் விடுதியை ஒட்டிய வாகன நிறுத்துமிடம். சம்பவத்துக்குப் பின் ஏறத்தாழ 29 ஆண்டுகள் அது வாகன நிறுத்துமிடமாகவே இருந்தது. மாணவர் இறந்த தார்த்தரையின்மேல் தினமும் கார் வந்து நின்றது. மழைநாளில் அதன் எண்ணெய் சொட்டியது. மே 3 இரவு மட்டும் மாணவர்கள் மெழுகுவத்தி ஏந்தி வளாகத்தைச் சுற்றி வந்து, அந்த நான்கு இடங்களிலும் முறைவைத்து நின்று, மறுநாள் 12:24 வரை காவல் காப்பார்கள். 1971-இல் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. அது ஆட்சிக்குழுத் தீர்மானத்தில் பிறந்த சடங்கு அன்று. சமூகவியல் பேராசிரியர் ஜெர்ரி லூயிஸும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது.

அங்கு முதலில் வைக்கப்பட்ட பெயர்ப் பலகையும் பல்கலைக்கழகம் வைத்தது அன்று. யூத மாணவர் அமைப்பான ஹில்லல் வைத்தது. 1974-இல் அது திருடு போனது. அடுத்த ஆண்டு ஆசிரியர்கள் புதிய கல் ஒன்றை நட்டார்கள். அதே 1975-இல், ஐந்தாண்டு ஆகிவிட்டது, இனி அஞ்சலி நிகழ்ச்சியைத் தான் நடத்தப்போவதில்லை என்று நிர்வாகம் கைகழுவியது. அதற்கு மாணவர்கள் தந்த பதில்தான் ‘மே 4 பணிக்குழு’. துப்பாக்கிச் சூட்டின்போது பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்களும், பின்னாளில் அப்போது பிறந்தே இராதவர்களும் அந்தக் குழுவை நடத்தி வந்தார்கள். நான்கு ஆண்டுகளில் மாறிப்போகும் மாணவர் கூட்டம், நிரந்தரமாக இருக்கும் நிர்வாகத்தைவிட நீண்ட நினைவைக் காத்தது என்பது இவ்வரலாற்றில் மிக முக்கியமான உண்மை என்று கருதுகிறேன்.

1977-இல் மோதல் உச்சத்துக்குப் போனது. காவல்படை நடந்து சென்ற நிலத்தின் ஒரு பகுதியில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு விரிவாக்கக் கட்டடம் எழுப்ப ஆட்சிக்குழு முடிவெடுத்தது. உரிமையியல் வழக்கின் மேல்முறையீடு அப்போதும் நிலுவையில் இருந்தது. எந்த மேட்டிலிருந்து எந்தத் திசையில் சுட்டார்கள் என்பதற்கு அந்த நிலத்தின் ஏற்ற இறக்கமே சாட்சி. அதைத் தோண்டிச் சமன் செய்தால் சாட்சி அழிந்துபோகும். மே 12 அன்று மாணவர்கள் அக்குன்றில் கூடாரமடித்துக் குடியேறினார்கள். ‘கூடார நகரம்’ 62 நாட்கள் நீடித்தது. ஜூலை 12 அன்று 190-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். கட்டடம் எழுந்தது.

நிர்வாகத்தின் பக்க நியாயத்தையும் எடைபோட வேண்டும். பல்கலைக்கழகம் அரசுப் பணத்தில் நடப்பது. சட்டமன்றம் விரோதமாக இருந்தது. ஊர்க்காரர்களில் பலர் மாணவர்களைக் கண்டாலே வெறுத்தார்கள். வழக்குகள் நடக்கும்போது நிறுவனம் எதைச் சொன்னாலும் நீதிமன்றத்தில் எதிரொலிக்கும் என்ற பயமும் இருந்தது. இவையெல்லாம் மெய். ஆனால் ஒரு வளாகத்தில் உடற்பயிற்சிக் கூடம் கட்ட வேறு நிலமே இல்லை என்று சொல்ல இவற்றில் எதுவும் உதவாது. நிலத்தை உருமாற்றுவது மறதிக்கு மிக எளிய வழி. அந்த வழியை நிர்வாகம் தெரிந்தே தேர்ந்தது என்றுதான் சான்றுகள் என்னை நினைக்க வைக்கின்றன.

கல்லில் எழுதியதும் எழுதாததும்

1978-இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்றின் உதவியுடன் சிற்பி ஜார்ஜ் சீகல் ஒரு வெண்கலச் சிற்பத்தை உருவாக்கினார். விவிலியத்தில் வரும் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியோடு நிற்கும் காட்சி. மகன் கைகள் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கிறான். மூத்த தலைமுறை தன் நம்பிக்கைக்காகத் தன் பிள்ளைகளைக் கொல்லத் துணிகிறது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. வன்முறையைத் தூண்டும் என்று கென்ட் ஸ்டேட் அதை மறுத்தது. இன்று அது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.

வளாகத்தில் இன்றுள்ள அதிகாரபூர்வ நினைவகம் 1990 மே 4 அன்று திறக்கப்பட்டது. வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்று தெரிந்து விலக்கப்பட்டார். இரண்டாம் இடம் பெற்ற சிகாகோ கட்டடக் கலைஞர் புரூனோ ஆஸ்ட் என்பவரின் வடிவம் ஏற்கப்பட்டது. ஒஹாயோவின் முன்னாள் படைவீரர் அமைப்பு எதிர்த்தது, நன்கொடை சேரவில்லை. 13 லட்சம் டாலர் மதிப்பிலான திட்டம் ஒரு லட்சம் டாலராகச் சுருங்கியது. சாய்வான தரையில் கருங்கல் வட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து தனித்து நிற்கும் நான்கு கல் தூண்களும் இருக்கின்றன. வாசற்படியில் மூன்று சொற்கள்: ஆராய், அறி, சிந்தி. அன்றைய ஆளுநர் ரிச்சர்ட் செலஸ்ட் திறப்பு விழாவில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அது துணிவான செயல். இருபது ஆண்டு தாமதமான செயலும்கூட.

தமிழ் நடுகல் மரபை அறிந்த ஒருவருக்கு இந்த நினைவகத்தின் குறை உடனே கண்ணில் படும். கல்வெட்டுள்ள நடுகற்கள் வீழ்ந்தவன் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. எந்தப் பூசலில், யாருடைய ஆட்சியில், எதை மீட்கப் போய் வீழ்ந்தான் என்பதையும் சேர்த்தே சொல்லும். கென்டின் கருங்கல்லோ தொடக்கத்தில் பெயர்களைக்கூடச் சொல்லவில்லை. பெயர்ப் பலகை பின்னால் வந்தது. யார் சுட்டார்கள், மாணவர்கள் எதை எதிர்த்தார்கள் என்ற இரண்டுக்கும் அந்த மூன்று வினைச்சொற்களில் விடையில்லை. பார்ப்பவரே சிந்திக்கட்டும் என்ற பெருந்தன்மையாக இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. சிந்திக்க வேண்டிய பொருளையே மறைத்துவிட்டுச் சிந்திக்கச் சொல்வதை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குன்றைச் சுற்றி 58,175 மஞ்சள் டஃபோடில் செடிகள் நடப்பட்டன. வியட்நாமில் இறந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை அது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவை பூக்கின்றன. படையினரின் சாவையும் மாணவர் சாவையும் ஒரே துயரத்துக்குள் சேர்ப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் மாணவர்கள் கூடியது கம்போடியாவுக்காக. கம்போடியரும் வியட்நாமியரும் இந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறார்கள்.

அதிகாரபூர்வமற்ற சின்னங்கள் இதைவிட வெளிப்படையாகப் பேசுகின்றன. டெய்லர் கட்டடத்தருகே டான் டிரம் செய்த இரும்புச் சிற்பம் ஒன்று அன்று அங்கே நின்றது. அதன் தகட்டை ஒரு குண்டு துளைத்துச் சென்றது. துளையை யாரும் அடைக்கவில்லை. விரலை நுழைத்துப் பார்க்கலாம், சுற்றிலும் மாணவர்கள் சாக்பீஸால் எழுதுகிறார்கள். இன்னொன்று, கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் 1970 ஜனவரியில், நடுச்சட்டம் முறியும்வரை மண்ணைக் கொட்டிப் பாதி புதைத்த பழைய விறகுக் கொட்டகை. சூட்டுக்குப் பின் பெயர் தெரியாத யாரோ அதன்மேல் மே 4, கென்ட், 70 என்று வெள்ளை வண்ணத்தில் எழுதினார்கள். கலைஞர் எண்ணியிராத பொருளை அந்த ஒரு கை அதற்குத் தந்துவிட்டது. 1984-இல் மிச்சமிருந்த மரங்களையும் பல்கலைக்கழகம் அப்புறப்படுத்தியது.

யார் சாவு நினைவுக்குரியது

ஷோயர் வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஷ்ரோடர் ராணுவ அலுவலர் பயிற்சி பெற்றுவந்த மாணவர். இவ்விருவரும் போராட்டத்தில் இல்லை என்பது அஞ்சலிக் கட்டுரைகளில் தவறாமல் வரும் செய்தி. காவல்படை கண்மூடித்தனமாகச் சுட்டது என்று காட்ட அது தேவைதான். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. போராடாதவர்களின் சாவு அநியாயம் என்றால், போராடிய மில்லர், க்ராஸ் ஆகியோரின் சாவு சற்றுக் குறைந்த அநியாயமா? நிராயுதபாணியாக நூறு கெஜத்துக்கு அப்பால் நின்று முழக்கமிட்ட ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றது, அவர் முழக்கமிட்டார் என்பதற்காகவே முதன்மையான அநியாயம். குற்றமற்ற பலிகள் என்ற மொழி இரக்கத்தைச் சம்பாதிக்கிறது. எதிர்ப்பு என்ற செயலை அது குற்றத்தின் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது விடுபடல் இனத்தைச் சார்ந்தது. கென்ட் நிகழ்வு நடந்து பதினோரு நாளில், மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் என்னும் கறுப்பின மாணவர் கல்லூரியில் போலீசார் பெண்கள் விடுதியை நோக்கி 28 வினாடிகள் சுட்டார்கள். கட்டடத்தில் சுமார் 460 குண்டுத் தடங்கள் பதிந்தன. ஃபிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் கிரீன் என்ற இருவர் இறந்தார்கள். கிரீன் பள்ளி மாணவர், வயது 17. அங்கு வெள்ளையரின் அன்றாடத் துன்புறுத்தலும் போர் எதிர்ப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. கென்டுக்காக நாடு முழுவதும் மாணவர் வேலைநிறுத்தம் நடந்து நூற்றுக்கணக்கான கல்லூரிகள் மூடப்பட்டன. ஜாக்சனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜாக்சன் நகர மேயர் மன்னிப்புக் கேட்டதும், அந்த ஆண்டு நடக்காமல் போன பட்டமளிப்பு நடந்ததும் 2021-இல்தான். கென்டிலேயே கறுப்பின மாணவர் அமைப்பு அன்று தன் உறுப்பினர்களைத் திடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்திருந்தது. துப்பாக்கியோடு வருபவர்கள் சுடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. கென்டின் அஞ்சலி நாளில் ஜாக்சனின் இருவருக்காகவும் மணி ஒலிக்கிறது. இது நிர்வாகத்தின் கல்லில் இல்லாததும், மாணவர் சடங்கில் இருப்பதும் ஆகும்.

மறுவாதம்

நிலைமை மாறிவிட்டது என்று எவரும் சுட்டலாம். அதில் பெரும் உண்மை இருக்கிறது. நால்வரும் விழுந்த இடங்கள் 1999-இல் வாகனங்களுக்கு நிரந்தரமாக மூடப்பட்டன. 2010-இல் 17 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறியது; 2016-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. டெய்லர் கட்டடத்தில் 2013-இல் முறைப்படி தொடங்கப்பட்ட பார்வையாளர் மையம் அறுபதுகளின் போர், இனம், தலைமுறை மோதல்களை விளக்குகிறது. காயமடைந்த ஒன்பது பேர் விழுந்த இடங்களிலும் 2021-இல் அடையாளங்கள் வைக்கப்பட்டன. பல்கலைக்கழக நூலகத்தின் மே 4 ஆவணத் தொகுப்பும் வாய்மொழி வரலாறுகளும் எந்த ஆய்வாளருக்கும் பெருஞ்செல்வம். இவற்றுக்காக உழைத்த ஆசிரியர்களில் சிலர் அன்று அங்கே மாணவர்களாக இருந்தவர்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

என்றாலும் இந்த மாற்றங்கள் எப்போது வந்தன என்று பாருங்கள். வழக்குகள் முடிந்த பின், ஆளுநர் முதல் தளபதிகள் வரை பதவியை விட்டுப் போன பின், போர் வரலாறாகிவிட்ட பின். யாருக்கும் செலவில்லாத காலத்தில் ஒரு நிறுவனம் நினைவுகூர்வது எளிது. நினைவின் தரத்தைச் சோதிக்க வேண்டுமானால், அதே கேள்வியோடு மாணவர்கள் மறுபடியும் திடலில் நிற்கும் நாளில் சோதிக்க வேண்டும்.

2024 வசந்தத்தில் அந்நாள் வந்தது. அதற்கு முன், ஒப்பிட ஒரு பழைய நிகழ்வு: கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1968 ஏப்ரல் 30 அதிகாலை போலீசார் நுழைந்து, போர் ஆய்வுத் தொடர்பையும் ஹார்லெம் மக்களின் பூங்காவில் கட்டவிருந்த உடற்பயிற்சிக் கூடத்தையும் எதிர்த்த மாணவர்கள் ஏறத்தாழ 700 பேரைக் கைது செய்தார்கள். பிற்பாடு அந்தப் போராட்டம் அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பெருமைகளில் ஒன்றானது. 2024 ஏப்ரல் 30 இரவு, 1968-இல் மாணவர்கள் கைப்பற்றியிருந்த அதே ஹாமில்டன் கட்டடத்தைக் காசா போரை எதிர்த்துக் கைப்பற்றிய மாணவர்களை அகற்ற நிர்வாகம் அதே நகரப் போலீசை அழைத்தது. நான்கு நாள் கழித்து கென்ட் ஸ்டேட்டின் 54-ஆம் ஆண்டு அஞ்சலியின்போது மாணவர்கள் பதாகைகளோடு அமைதியாக நின்று, போர்த் தளவாடங்களில் பல்கலைக்கழகம் போட்டிருக்கும் முதலீட்டைத் திரும்பப் பெறக் கேட்டார்கள். என் கணிப்பில் அன்று அவ்வளாகத்தில் நடந்தவற்றில் 1970-க்கு மிக நெருக்கமாக இருந்தது அவர்கள் நின்ற நிலையே.

மே 4-ஐ நினைவுகூரும் எந்தச் சொற்பொழிவிலும் அதிகம் பேசப்படாத ஆவணம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கிச் சூடு நடந்த சில வாரங்களில் ஒஹாயோ சட்டமன்றம் வளாகக் கலகத் தடைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கலகம் தொடர்பான குற்றங்களில் கைதாகும் மாணவரையும் ஆசிரியரையும் உடனடி விசாரணையில் இடைநீக்கம் செய்யவும், தண்டனை பெற்றால் நீக்கவும் அது வழிசெய்கிறது. பல்கலைக்கழகமும் மாநிலமும் மே 4-ஐ மனதார நினைவில் வைத்திருப்பதாகச் சொன்னால், அவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இந்தச் சட்டத்தை. அது இன்றும் ஒஹாயோவின் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.